டிக்கெட் அறையை எங்கே வைப்பது

தருமபுரிக்கு வெளியே, பைபாஸ் சாலையோரம், வடிவு என்று ஒரு டிரெய்லர் ஓட்டுநர் இருந்தார். கிரானைட் பாறைகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் போய்வருகிறவர். கணவரோடு மாற்று ஓட்டுநராகப் போய்ப் பழகி, கணவருக்குக் கண்பார்வை மங்கிய பிறகு ஸ்டீயரிங்கைத் தானே பிடித்துக்கொண்டவர். லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் டிரெய்லர் பழக அவரிடம் வந்தார்கள். அதனால் அந்த வட்டாரத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டீச்சர் என்பார்கள். நாற்பது வயதுதான் இருக்கும்.

டீச்சர் அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பெரும்பாலும் வண்டியிலிருந்து இறங்கிப்போய் எதையாவது காட்டுவார். காட்ட ஒன்றும் இல்லையென்றால், டீ குடிக்கலாம் என்பார்.

அவரிடம் பழக வந்தவர்களில் சவரிராஜ்தான் மூத்தவர். டீச்சரைவிடப் பதினைந்து வயதாவது கூடுதல்.

சவரிராஜ் திண்டுக்கல்காரர். பொருட்காட்சி நடக்கும் ஊர்களில் ராட்சச ராட்டினம் போடுவது தொழில். அவரும் மனைவி ரெஜினாவும் கல்யாணமான புதிதில் ஒரு குடைராட்டினத்தை வாங்கித் தொடங்கியது. பிறகு பெரிய ராட்டினம் வந்தது, அதை ஏற்றிப்போக மூன்று லாரிகள் வந்தன. வேளாங்கண்ணியில் பார்த்தவர்கள் மதுரையிலும் அவர்களைப் பார்த்திருப்பார்கள். பிள்ளைகள் இல்லை.

டீச்சரிடம் வருவதற்கு முந்தின வருஷம் கிருஷ்ணகிரியில் மாம்பழக் கண்காட்சி முடிந்து ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ரெஜினா நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ராட்டினத்தைத் தருமபுரியில் ஒரு வாடகைக் கொட்டகையில் போட்டுவிட்டு சவரிராஜ் ஊருக்குப் போனார். வருஷத்தில் பாதிக்குமேல் சாலையில் இருந்தவர்களுக்கு வீடு என்பது பூட்டிவைக்கிற இடம். அங்கே உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை.

ராட்டினத்தின் மேஸ்திரி மதலைமுத்து அவ்வப்போது போன் செய்வார். ஒருநாள் அவர், சேலம் ஆடிப் பொருட்காட்சியில் இடம் கேட்டால் கிடைக்கும் என்றார். வேலையாட்கள் எல்லோரும் காத்திருக்கிறார்கள், இந்த வருஷமும் ராட்டினம் நிற்காவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்றும் சொன்னார்.

சவரிராஜ் தருமபுரிக்கு வந்தார். மூன்று லாரிகளையும் விற்றுவிட்டு ஒரு பழைய டிரெய்லர் வாங்கினார். எல்லாம் ஒரே வண்டியில் போனால் சுலபம் என்று மதலைமுத்துவிடம் சொன்னார். முன்லாரியில் ரெஜினா அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். அந்த சீட் காலியாக இருக்க, அந்த லாரியை ஓட்ட அவருக்கு மனசு வரவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

டிரெய்லர் வேறு மாதிரி வண்டி. முன்னால் இழுக்கிற வண்டியைக் குதிரை என்பார்கள். குதிரையின் முதுகில் பெரிய வட்டமான இரும்புத் தட்டு ஒன்று கிடக்கும். டிரெய்லரின் மூக்கில் கீழ்நோக்கி நிற்கும் தடித்த ஆணி அந்தத் தட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். ஃபிஃப்த் வீல் என்று அதற்குப் பெயர். சக்கரம் என்று பெயர்தானே தவிர, அது உருளாது. பூட்டிய பிறகு இரண்டும் ஒரு வண்டி, ஆனால் நடுவில் மடங்கும்.

சவரிராஜ் ஒழுங்காகப் பழகினார். பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பவும், வளைவில் பின்சக்கரம் உள்வாங்கும் என்று அகலமாக எடுக்கவும் கை பழகிவிட்டது. லைசென்ஸும் வந்தது. ஆடி நெருங்கியபோது அவர் டீச்சரிடம் கேட்டார்.

“டீச்சர், எந்தச் சாமானை எங்க வைக்கணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“உங்க மனசுக்குச் சரின்னு படுற மாதிரி ஏத்துங்கண்ணா. நான் வந்து பாக்குறேன்.”

ஏற்றுகிற நாளன்று மதலைமுத்துவும் வேலையாட்களும் வந்தார்கள். ஹைட்ரா கிரேன் வந்தது. ராட்டினத்தின் கால்கள், ஆரங்கள், நடு அச்சு, தொட்டில்கள் எல்லாம் கொட்டகைக்கு வெளியே வந்தன. கடைசியாக டிக்கெட் அறை.

அது நீல வண்ணம் அடித்த இரும்பு அறை. முன்பாதியில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல், பின்பாதியில் அவர்கள் குடியிருந்த இடம். ஒருமுறை நாகப்பட்டினத்தில் புயற்காற்றில் அந்த அறை நான்கடி நகர்ந்துபோய்விட்டது. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த ரெஜினா குழம்புச் சட்டியோடு வெளியே வந்தாள். மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து அறையின் தரை முழுக்கக் கான்கிரீட் போட்டுவிட்டாள். இனி எந்தக் காற்று வந்தாலும் தன் வீடு நின்ற இடத்தில் நிற்கும் என்றாள். அன்றுமுதல் ராட்டினத்தின் அச்சைவிட அந்த அறைதான் கனம். அதற்கென்றே ஒரு லாரி தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஹைட்ரா அதைத் தூக்கியபோது சவரிராஜ் திரும்பி நின்றுகொண்டார். எங்கே வைக்கட்டும் என்று மதலைமுத்து கேட்டார்.

டிரெய்லரின் கடைக்கோடியில் வைக்கச் சொன்னார் சவரிராஜ். சேலத்தில் முதலில் இறக்க வேண்டியது அதுதான் என்றார். மதலைமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டார். அந்த அறையின் சாவி ஒரு வருஷமாக சவரிராஜின் சட்டைப்பையில்தான் இருந்தது என்பதும், அவர் ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை என்பதும் மதலைமுத்துவுக்குத் தெரியும்.

டீச்சர் மதியம் வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். கட்டிய பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு கேபினில் ஏறி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நெடுஞ்சாலைக்குப் போகவேண்டாம், பழைய சாலைக்கு விடுங்கள் என்றார்.

அந்தப் பழைய சாலை இப்போது இல்லை. அப்போது அது பைபாஸுக்கு இணையாக ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்தது. மெதுவாகப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வேகம் கூடியதும் முதுகுக்குப் பின்னால் ஏதோ அசைந்ததுபோல் சவரிராஜுக்குத் தோன்றியது. கண்ணாடியில் பார்த்தார். டிரெய்லரின் வால் இடப்பக்கம் போனது, பிறகு வலப்பக்கம் வந்தது. அவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார். ஆட்டம் அதிகமானது. இப்போது குதிரையும் சேர்ந்து ஆடியது. காலை பிரேக்குக்குக் கொண்டுபோனார்.

“பிரேக் வேண்டாம்,” என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. “ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க. ஆக்ஸிலேட்டரை மட்டும் விடுங்க.”

சவரிராஜ் விட்டார். வண்டி இன்னும் இரண்டுமுறை வாலை ஆட்டிவிட்டுத் தானாக அடங்கி, உருண்டு நின்றது. என்ஜின் சத்தம் ஓய்ந்த பிறகும் டிக்கெட் அறைக்குள் ஏதோ பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சவரிராஜ் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

“பின்னால யாரோ நின்னு பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு, டீச்சர்.”

டீச்சர் முன்னால் கையைக் காட்டினார். சாலையோரம் ஜல்லி கொட்டிய ஒரு சின்ன மேடு இருந்தது. வண்டியை அதில் ஏற்றச் சொன்னார். குதிரையின் பின்சக்கரங்கள் ஜல்லியில் வெறுமனே சுற்றின. கல் தெறித்தது. அவ்வளவு பெரிய வண்டி, ஒரு முழ உயரம் ஏற முடியாமல் நின்றது.

சவரிராஜ் இறங்கிப் பார்த்தார். டீச்சர் குதிரையின் பின்டயரை ஒரு கையால் தட்டினார். பிறகு டிரெய்லரின் கடைசிவரை நடந்துபோய் அங்கிருந்த டயரைத் தட்டினார். அது நசுங்கிப் பிதுங்கியிருந்தது.

“கனம் எல்லாம் சக்கரத்துக்குப் பின்னாடி போயிடுச்சுண்ணா. அது மூக்கைத் தூக்குது. குதிரையோட கால் தரையில பாவ மாட்டேங்குது,” என்றார். “இதோட கணவாயில இறங்கினா, வால் முன்னாடி வந்துரும்.”

தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போக தொப்பூர்க் கணவாயைத் தாண்டித்தான் ஆகவேண்டும். கிலோமீட்டர் கணக்கில் இறக்கம், இறக்கத்தில் வளைவு. வால் முன்னால் வந்த வண்டிகளை அந்தப் பள்ளத்தில் சவரிராஜே பார்த்திருக்கிறார். ஒருமுறை அப்படிக் கிடந்த வண்டியைத் தாண்டியபோது ரெஜினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிலுவை போட்டது அவருக்கு ஞாபகம் வந்தது.

கொட்டகைக்கு மெதுவாகத் திரும்பி வந்தார்கள். டிக்கெட் அறையை மறுபடி இறக்கச் சொல்லிவிட்டு டீச்சர் மரக்கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்தார். சவரிராஜையும் உட்காரச் சொன்னார். மதலைமுத்து டீ வாங்கிவரப் போனார்.

டீச்சர் கேட்டார். “ராட்டினத்துல ஆள் ஏத்துவீங்களே, யாரை எதுல உக்கார வைக்கிறதுன்னு எப்படிப் பாப்பீங்க?”

“அது நான் பாக்கமாட்டேன், டீச்சர். அவதான் பாப்பா.”

அதைச் சொன்ன பிறகு சவரிராஜ் நிறுத்தவில்லை. ஒரு வருஷமாக யாரிடமும் பேசாதவர் பேசத் தொடங்கினார்.

ராட்டினத்தில் ஒரு பக்கம் கனத்துவிட்டால் மோட்டார் திணறும், மறுபக்கம் தடதடவென்று கீழே வரும். எதிரெதிர்த் தொட்டில்களில் எடை சமமாக இருக்கவேண்டும். வருகிறவர்களிடம் உங்கள் எடை என்ன என்று கேட்கமுடியாது. ரெஜினா டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதே முகத்தைப் பார்ப்பதுபோல ஆளை அளந்துவிடுவாள். பிறகு மைக்கில் சொல்லுவாள். பச்சைச் சேலை அக்கா, நீங்க அந்தத் தொட்டிலுக்குப் போங்க, அங்கிருந்து கோபுரம் தெரியும். சார், நீங்க இந்தப் பக்கம், இங்கே காத்து நல்லா வரும். எல்லோரும் தங்களுக்குத்தான் நல்ல இடம் கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே போய் உட்காருவார்கள். எடை போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

வேளாங்கண்ணியில் ஒரு ஆகஸ்ட் கடைசி. கொடியேறிய மறுநாள் நல்ல கூட்டம். மீன் வியாபாரி ஒருவர் தன் மனைவியோடும் மாமியாரோடும் வந்தார். மூவருமே நல்ல பருமன். மூவரும் ஒரே தொட்டிலில்தான் உட்காருவோம் என்றார்கள். மாமியாருக்குப் பயம், மகள் கையைப் பிடித்தால்தான் ஏறுவாராம். எதிர்ப்பக்கத்துக்கு ஈடாக வரிசையில் ஆள் இல்லை. எல்லாம் பொடிப்பிள்ளைகள். மதலைமுத்து முடியாது என்று சைகை காட்டினார். ரெஜினா அந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு மைக்கில், சவரி, மதலை, ரெண்டு பேரும் எதிர்த் தொட்டிலில் ஏறுங்க என்றாள்.

“அத்தனை வருஷமா ராட்டினம் ஓட்டுறேன், டீச்சர். அதுல உக்காந்து சுத்துனதே இல்ல. அன்னைக்குத்தான் மேல போனேன். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் மாதா கோயில் லைட்டு. கீழ பார்த்தா டிக்கெட் அறை தீப்பெட்டி மாதிரி இருந்துச்சு. அதோட ஜன்னல்ல இருந்து தலையை வெளிய நீட்டி, என்னையே அண்ணாந்து பாத்துச் சிரிக்கிறா. ஒவ்வொரு சுத்துக்கும் கை காட்டுறா. அவளுக்குக் கண்ணாடி வளையல் பிடிக்கும். அந்தச் சத்தம் மேல கேக்காது, ஆனா எனக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சு.”

அந்த ராட்டினம் நின்று இறங்கிய பிறகு ரெஜினா ஒன்றும் சொல்லவில்லையாம். அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கத் தொடங்கிவிட்டாளாம். கூட்டமெல்லாம் கலைந்து சாப்பிட உட்கார்ந்தபோது மட்டும், மேலே போனால் நீ சின்னப் பையன் மாதிரி இருக்கிறாய் என்றாளாம்.

டீ ஆறிப்போயிருந்தது. டீச்சர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

சவரிராஜ் எழுந்தார். அவருக்கு வழி புரிந்துவிட்டதாகத் தோன்றியது. ஹைட்ரா ஓட்டுநரைக் கூப்பிட்டு, டிக்கெட் அறையை டிரெய்லரின் சக்கரங்களுக்கு நேர்மேலே வைக்கச் சொன்னார். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. அதற்கு இரண்டு பக்கமும் மற்ற சாமான்களைச் சமமாகப் பிரித்து வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். தராசு முள் நின்றதுபோல இருந்தது.

“சமமா இருக்கு, டீச்சர். இது ஆடாது.”

“ராட்டினம் நின்ன இடத்துல சுத்துறதுண்ணா,” என்றார் டீச்சர். “இது போகணும்.”

சவரிராஜ் புரியாமல் பார்த்தார். டீச்சர் அவரைக் குதிரைக்கும் டிரெய்லருக்கும் நடுவே கூட்டிப்போய், அந்த இரும்புத் தட்டைக் காட்டினார். எல்லாம் சமமாக நின்றுவிட்டால் இந்தத் தட்டுக்கு ஒன்றும் வராது, தட்டுக்கு ஒன்றும் வராவிட்டால் குதிரை தரையைப் பிடிக்காது, இழுக்கவும் முடியாது நிறுத்தவும் முடியாது என்றார்.

“அப்ப எல்லாத்தையும் குதிரை மேலயே ஏத்திருவோம்.” சவரிராஜின் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

“அதோட முதுகு ஒடிஞ்சிரும்.”

“பின்ன என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

டீச்சர் நீல அறையைப் பார்த்தார். “மொதல்ல அதைத் திறங்கண்ணா. உள்ள சாமான் உருளுது. உருள்ற சாமானை வெச்சுக்கிட்டு எங்க வெச்சாலும் சரியா இருக்காது.”

சவரிராஜ் நின்றுகொண்டே இருந்தார். வேலையாட்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் மதலைமுத்துவைக் கூப்பிட்டு, எல்லோரையும் சாப்பிடக் கூட்டிப்போங்கள், நானும் வருகிறேன் என்றார். ஹைட்ரா ஓட்டுநரும் போனார். கொட்டகையில் சவரிராஜ் மட்டும் இருந்தார்.

அவர் டிரெய்லர் மேல் ஏறினார். பூட்டு துருப்பிடித்திருந்தது. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து சீரகமும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. அது ஒரு வருஷம் போகாமல் அங்கேயே இருந்தது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தரையில் ஒரு சொம்பும் இரண்டு கிண்ணங்களும் உருண்டு கிடந்தன. கட்டில் மேல் போர்வை மடித்திருந்தது. கிருஷ்ணகிரியில் கடைசியாக வாங்கிய மாம்பழங்கள் ஒரு கூடையில் கொட்டையாகக் காய்ந்திருந்தன. கனமான இரும்பு வாணலியை பீரோவின் தலைமேல் வைக்காதே என்று அவர் எப்போதும் சொல்வார், அவள் எப்போதும் அங்கேதான் வைப்பாள். அது இப்போதும் அங்கேதான் இருந்தது.

அவர் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை. ஜன்னல் இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ராட்டினம் நிற்கிற திசையைப் பார்க்கவேண்டுமென்றால் கழுத்தை வெளியே நீட்டித்தான் பார்க்கவேண்டும். அத்தனை வருஷமும் அவள் அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

சாப்பிடப் போனவர்கள் திரும்பி வந்தபோது அவர் இன்னும் உள்ளேதான் இருந்தார். டீச்சர் யாரையும் கூப்பிட விடவில்லை. வெயில் சாய்ந்தது. பிறகு சவரிராஜே கதவருகே வந்து கயிறு கேட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. மதலைமுத்து கயிறு கொடுத்தார்.

சவரிராஜ் வாணலியைக் கீழே இறக்கித் தரையோடு வைத்தார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார். பீரோவையும் கட்டிலையும் சுவரோடு சேர்த்து இறுக்கினார். காய்ந்த மாம்பழங்களை மட்டும் எடுத்துவந்து கொட்டகைக்கு வெளியே வேலியோரம் போட்டார். பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. ஹைட்ராவைக் கூப்பிட்டு அறையை டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னால், குதிரை இருக்கும் பக்கமாக நகர்த்தச் சொன்னார்.

“இன்னும் கொஞ்சம்,” என்றார். “போதும். இதுக்கு மேல குதிரை தாங்காது.”

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார்.

அறைக்கு அடுத்து அச்சு வந்தது, கால்கள் இரண்டு பக்கமும் தாழப் படுத்தன, ஆரங்கள் அவற்றின்மேல் கிடந்தன. தொட்டில்கள் வாலுக்குப் போயின. எடைமேடையில் முதலில் குதிரையை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள், பிறகு முழு வண்டியையும். டீச்சர் இரண்டு பக்க டயர்களையும் பார்த்துவிட்டு ஒரு தொட்டிலை மட்டும் இடம் மாற்றச் சொன்னார். அது எதற்கு என்று மதலைமுத்து கேட்டதற்கு, வலப்பக்கம் ஒரு ஆள் எடை கூட இருக்கிறது என்றார்.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்பினார்கள். மதலைமுத்துவும் ஆட்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். டீச்சர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். டோல்கேட் தாண்டி மலை தெரியத் தொடங்கியபோது சவரிராஜின் நெற்றியில் வியர்த்தது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்தார். வண்டி முனகியது.

முதல் வளைவு ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவது இறக்கத்தில் கனம் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கியது. அவர் பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தார், விட்டுவிட்டு மிதித்தார். டிரெய்லர் நேராக வந்தது. அப்போது முன்னால் போன கன்டெய்னர் லாரி எதற்கோ சட்டென்று நின்றது. பக்கத்துத் தடத்தில் ஒரு பஸ். ஒதுங்க இடமில்லை.

டீச்சரின் கை டேஷ்போர்டில் போய் ஊன்றியது. வாய் திறக்கவில்லை.

சவரிராஜ் ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினார். குதிரை முன்னால் குனிந்தது. பின்சக்கரங்கள் தரையைக் கவ்வியது அவர் இடுப்பில் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்தார். வால் இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் வரவில்லை. கண்ணாடி முழுக்க நீல அறை மட்டும் இருந்தது, மூடிய டிக்கெட் ஜன்னலோடு. அது அவருக்கு மிகப் பக்கத்தில், முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கன்டெய்னருக்கு ஒரு ஆள் புகும் இடைவெளியில் வண்டி நின்றது.

கன்டெய்னர் நகர்ந்தது. சவரிராஜும் நகர்த்தினார். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியைப் பார்த்தார். பார்க்கத் தேவையில்லாத இடத்திலும் பார்த்தார்.

கணவாய் முடிந்து சமதரை வந்ததும், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார் டீச்சர். பிரேக் சூடு ஆறட்டும் என்றார். பின்னால் மலை வெயிலில் நின்றது. அதைத் தாண்டி வந்தது சவரிராஜுக்கு நம்ப முடியாததுபோல இருந்தது. சவரிராஜ் இறங்கி டயர்களைத் தொட்டுப் பார்த்தார். பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தார். நீல அறையின் பக்கத்தில் வந்ததும் நின்றார். உள்ளங்கையை அதன் இரும்பில் வைத்தார். அது இன்னும் முழுதாகச் சூடேறவில்லை.

“டீச்சர்,” என்றார் கையை எடுக்காமல். “ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கண்ணா.”

“இந்தக் கனம் எப்பதான் குறையும்?”

டீச்சர் சாலையைத் தாண்டி மலைப்பக்கம் பார்த்தார். சரக்கு இறக்கிவிட்டு வந்த ஒரு வெற்று டிரெய்லர் சங்கிலிகள் கலகலக்க இறக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

“காலி வண்டியை இந்த இறக்கத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்கண்ணா,” என்றார். “சின்னப் பள்ளத்துக்கும் துள்ளும். ரோட்டுல கால் நிக்காது.”